ராலியோடு அட்லாண்டிக் கடப்பவர்களுக்கு: வானிலை பார்ப்பதும் கூட்டமாகப் புறப்படுவதும், படிப்படியாக

நவம்பர் கடைசி வாரத்தில் கனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் படகுத்துறையில் நடந்தால் ஒரே கேள்விதான் காதில் விழும்: "ஞாயிற்றுக்கிழமை காற்று எப்படி?" கேட்பதில் தவறில்லை. ஆனால் அதைக் கேட்கும் பலருக்கு, பதில் மோசமாக இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. விமானச் சீட்டு போட்டாயிற்று, பழமும் காய்கறியும் ஏற்றியாயிற்று, எல்லாப் படகிலும் கொடி பறக்கிறது. அந்த நேரத்தில் "நான் இன்று போகவில்லை" என்று சொல்லப் பெரிய மனத்திடம் வேண்டும். முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் அவ்வளவு திடம் தேவைப்படாது.

இந்தப் பாதையை ராலியோடு, அதாவது பல பாய்மரப் படகுகள் ஒரே நாளில் கூட்டமாகக் கிளம்பும் ஏற்பாட்டோடு, இருமுறை கடந்திருக்கிறேன். அதற்குப் பிறகு சில நவம்பர்களில் அதே துறையில் நின்று முதல்முறைக்காரர்களுக்குக் கயிறு அவிழ்த்து விட்டிருக்கிறேன். அவர்கள் தடுக்கிய இடங்களை வைத்துத்தான் கீழே உள்ள வரிசையை அமைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் ஆர்க் ராலிதான்: லாஸ் பால்மாஸில் கிளம்பி கரீபியனில் செயின்ட் லூசியாவின் ராட்னி பே வரை சுமார் 2,700 கடல் மைல், பெரும்பாலான படகுகளுக்கு மூன்று வாரத்தை ஒட்டிய பயணம். வேறு ராலியில் போனாலும் படிகளின் வரிசை மாறாது.

1. தேதிக்கு இரு பக்கமும் நாள் விடுங்கள்

இது வானிலை வேலையாகத் தோன்றாது. ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். புறப்படும் தேதியை ஏற்பாட்டாளர் மாதங்களுக்கு முன்பே குறித்துவிடுகிறார். வானிலைக்கு அந்தத் தேதி தெரியாது. இரண்டும் பொருந்தாத வருடத்தில் உங்களுக்கு நான்கைந்து நாள் கையில் இருக்க வேண்டும்.

உடன் வருபவர்கள் புறப்பாட்டுக்கு ஐந்து நாள் முன்பாவது வந்து சேரட்டும். திரும்பும் விமானச் சீட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுக்கச் சொல்லுங்கள். படகை ஆபத்தான கிளம்பலுக்குத் தள்ளுவது பெரும்பாலும் படகுத் தலைவரான ஸ்கிப்பரின் துணிச்சல் இல்லை. "எனக்கு விடுமுறை 21 நாள்தான்" என்று குழுவில் ஒருவர் மெல்லச் சொல்லும் வார்த்தைதான். அந்த வார்த்தை வருவதற்கான காரணத்தைக் கரையிலேயே அகற்றிவிட வேண்டும்.

உணவிலும் அப்படியே. கெடக்கூடியதைக் கடைசி இரண்டு நாளில் மட்டும் ஏற்றுங்கள். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி முன்பே வரலாம். இரண்டு நாள் தாமதமானால் கீரையும் தக்காளியும் போகும், அதோடு நிற்கட்டும்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் இப்போதே படியுங்கள். அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. எந்தத் தேதிக்கு முன் எந்த அகலாங்குக்குத் தெற்கே போகக் கூடாது என்று சில பத்திரங்கள் வரையறுக்கும். அதைக் கடலில் போய்க் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

2. உங்கள் எல்லையை, முன்னறிவிப்பைத் திறக்கும் முன் எழுதுங்கள்

எழுதியே ஆக வேண்டும்; மனதில் வைத்துக்கொண்டால் போதாது. முன்னறிவிப்பைப் பார்த்த பிறகு எல்லை வகுத்தால், அந்த முன்னறிவிப்பு உள்ளே அடங்கும்படியாகவே எல்லை வகுப்போம். மனித மனம் அப்படித்தான்.

பன்னிரண்டு மீட்டர் படகு, குழுவில் பாதிப் பேர் புதியவர்கள் என்றால் நான் எழுதுவது இது: முதல் 48 மணி நேரத்தில் சராசரிக் காற்று 25 நாட்டைத் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) தாண்டக் கூடாது. போகும் திசையிலிருந்து, அதாவது தெற்கு அல்லது தென்மேற்கிலிருந்து, 15 நாட்டுக்கு மேல் அடிக்கக் கூடாது. அலை 3 மீட்டருக்கு மேல் என்றால் இரு முகடுகளுக்கு இடையே 9 நொடியாவது இருக்க வேண்டும். இவை என் எண்கள். உங்கள் படகுக்கும் குழுவுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணாகவே எழுதுங்கள். "ரொம்ப மோசமாக இருந்தால் போக மாட்டோம்" என்பது எல்லை ஆகாது.

முதல் 48 மணி நேரம் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குமட்டலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். படகில் எதை எங்கே வைத்தோம் என்பதும் பழகியிருக்காது. பத்தாம் நாள் சிரித்துக்கொண்டே சமாளிக்கும் 28 நாட் காற்று, முதல் இரவில் அதே ஆட்களை முடக்கிப் போடும்.

எழுதிய தாளைக் குழு முழுவதும் படித்து ஒப்புக்கொள்ளட்டும். பிறகு அதை வரைபட மேசையின் மேல் ஒட்டுங்கள்.

3. பத்து நாள் முன்பிருந்து பெரிய படத்தைப் பாருங்கள்

புதியவர்கள் திறக்கும் முதல் பக்கம் ஞாயிறு மதியம் லாஸ் பால்மாஸில் எத்தனை நாட் என்பதுதான். பத்து நாள் முன்னால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. அப்போது பார்க்க வேண்டியது அசோர்ஸ் உயரழுத்தம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை.

அது அசோர்ஸ் தீவுகளை ஒட்டி வலுவாக இருந்தால், அதன் தெற்கு விளிம்பில் வடகிழக்கு வியாபாரக் காற்று 15 முதல் 20 நாட் வரை சீராக வீசும். நம் கடற்கரையில் வாடை என்று சொல்லும் திசை ஏறக்குறைய அதுதான். உயரழுத்தம் தளர்ந்தாலோ கிழக்கே ஐரோப்பாப் பக்கம் நகர்ந்தாலோ, வடக்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டிய தாழ்வழுத்தங்கள் தெற்கே இறங்கிவிடும். கனரித் தீவுகளில் தென்மேற்குக் காற்று திரும்பும், மேற்கே வியாபாரக் காற்று அறுந்துபோகும்.

நவம்பர் இறுதி என்பதால் புயல் காலம் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2005 நவம்பர் 28ல், வெப்பமண்டலப் புயலாகத் தொடங்கிய டெல்டா கனரித் தீவுகளையே தாக்கியது. ராலிப் படகுகள் அதற்கு ஒரு வாரம் முன்பே கடலில் இறங்கியிருந்தன.

தினமும் ஒரே நேரத்தில் ஒரே முறையில் பாருங்கள். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற வானிலைக் கணினி மாடல் நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. ஐரோப்பிய மையத்தின் ஈசிஎம்டபிள்யூஎஃப் மாடலுக்கு நள்ளிரவு ஓட்டமும் நண்பகல் ஓட்டமும்தான் முக்கியம். குளிர்காலத்தில் கனரி நேரமும் உலகப் பொது நேரமும் ஒன்று என்பதால் கணக்கு எளிது: நள்ளிரவு ஓட்டத்தின் விளைவு இரண்டு மாடலிலும் காலைச் சிற்றுண்டி முடிவதற்குள் கைக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு காலையும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். உயரழுத்தம் எங்கே, மாடல்கள் இரண்டும் ஒத்துப்போகின்றனவா, நேற்றைய கணிப்பிலிருந்து இன்று என்ன மாறியது. மூன்றாவது வரியில்தான் நிறையக் கிடைக்கும். நாளுக்கு நாள் கணிப்பு நிலையாக இருந்தால் நம்பலாம். ஒவ்வொரு நாளும் புரண்டுகொண்டிருந்தால், இன்றைய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

இந்த மாடல்களின் கணிப்பைப் படகில் இறக்கிப் பார்க்க உதவும் கிரிப் கோப்பில் தெரியாதவை சில உண்டு. அது காட்டுவது சராசரிக் காற்று. அடித்து வீசும் வேகம் அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரலாம். மழைமேகத்தின் அடியில் வரும் சூறை அதில் தெரியாது. மலையைச் சுற்றி வளையும் காற்றும் சரியாகத் தெரியாது. எண்ணை எண்ணாகவே நம்பிப் பாய் ஏற்றியவர்கள் முதல் மாலையிலேயே சிக்குகிறார்கள்.

அலைக்கு உயரத்தை மட்டும் பார்ப்பதும் அடிக்கடி நடக்கும் பிழை. 12 நொடி இடைவெளியில் வரும் 3 மீட்டர் அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். 6 நொடியில் வரும் 3 மீட்டர் அலை படகைப் போட்டு உலுக்கும். வடக்கே பெரிய புயல் இருந்தால் வடமேற்கு நெடு அலையும் வந்து, வடகிழக்குக் காற்றலையைக் குறுக்கே வெட்டும். அந்த ஆட்டத்தில்தான் பாத்திரங்கள் பறக்கின்றன, விலா எலும்புகள் முறிகின்றன. ஆகவே காற்றலை, நெடு அலை இரண்டையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

4. தீவின் காற்றைத் தனியாகக் கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கிரான் கனரியா கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரமுள்ள வட்ட மலை. வடகிழக்குக் காற்று அதன் மேல் ஏறாமல் இரு பக்கமும் பிதுங்கி ஓடும். ஆற்றில் பாறையைச் சுற்றித் தண்ணீர் வேகமெடுப்பது போலத்தான். கிழக்குக் கரையில் கண்டோ விமான நிலையத்துக்கு அப்பால் தொடங்கித் தென்கிழக்கு முனை வரை, திறந்த கடலில் 15 நாட் அடிக்கும் நாளிலும் இங்கே 25, 30 நாட் அடிக்கும். அங்கே கரையில் உள்ள பொசோ இஸ்கியெர்தோ உலகப் புகழ்பெற்ற காற்றுச்சறுக்குக் கடற்கரை. உலகக் கோப்பைப் போட்டி நடத்தும் அளவுக்குக் காற்று உள்ள இடத்தைத்தான் நீங்கள் முதல் நாளே கடக்கப் போகிறீர்கள். அந்த ஊர் சேர்ந்த நகராட்சியின் பெயரும் சாந்தா லூசியா என்பது எனக்கு எப்போதும் பிடித்த தற்செயல்.

முனையைத் தாண்டி மஸ்பலோமாஸ் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். மலை மறைத்துக் காற்றே இருக்காது, அல்லது எல்லாத் திசையிலிருந்தும் மாறி மாறி வரும். இந்தக் காற்று மறைவு தீவுக்குத் தென்மேற்கே பல பத்து மைல் நீளும்.

இப்போது கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பயணப் பிரிவு, அதாவது போட்டிக்காக அல்லாமல் பயணத்துக்காகப் போகும் படகுகள், மதியம் ஒரு மணி வாக்கில் கிளம்பும். ஐந்தாறு நாட் வேகத்தில் போனால் கண்டோ அருகே மூன்று மணி, பொசோ அருகே ஐந்து மணி. சூரியன் மறைவது ஆறு மணியைச் சற்றுத் தாண்டி. அதாவது வேகக்காற்றுப் பகுதி அந்தியில் வருகிறது, காற்று மறைவு இருட்டில் வருகிறது. சுற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள். புறப்படும் இடத்துக் காற்றுக்குப் பாய் ஏற்றிவிட்டு, ஐந்து மணிக்குப் பாயின் பரப்பைச் சுருக்கலாம் என்று நினைப்பவர், ஐந்து மணிக்குச் சுருக்க முடியாமல் நிற்பார்.

ஆகவே தீவுக்கென்று தனித் திட்டம் ஒன்றை எழுதுங்கள். எந்த மணிக்கு எந்த இடம், அங்கே பாய் எவ்வளவு, கரையிலிருந்து எத்தனை மைல் தள்ளி. காற்று மறைவைத் தவிர்க்கத் தென்கிழக்கு முனையைக் கடந்த பிறகும் தீவை ஒட்டி மேற்கே வளையாமல், நேர்தெற்கே நன்றாக இறங்கி அதன்பின் தென்மேற்கு பிடிப்பது என் வழக்கம். சில மைல் கூடும். ஆனால் இரவு முழுவதும் பாய் படபடத்துக் கிழியாது.

5. ஸ்கிப்பர் கூட்டத்தில் கேட்டுவிட்டு, முடிவை நீங்கள் எடுங்கள்

புறப்பாட்டுக்கு முன் ராலிக் குழு ஸ்கிப்பர்களைக் கூட்டி, துவக்க முறையையும் வானிலையையும் விளக்கும். கட்டாயம் போங்கள், ஸ்கிப்பரோடு இன்னொருவரும் போகட்டும். ஒருவர் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு படகில் வாதம் செய்யக் கூடாது.

அங்கே சொல்வதை உங்கள் மூன்று வரி நோட்டோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் கை தூக்கிக் கேளுங்கள். "எத்தனை நாட்?" என்பதைவிட "இந்தக் கணிப்பு தவறினால் எந்தப் பக்கம் தவறும்?" என்று கேட்டால் அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

நிலைமை மோசமானால் ஏற்பாட்டாளரே தள்ளிவைப்பதும் உண்டு. 2012ல் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வந்ததால் பயணப் பிரிவின் புறப்பாடு ஞாயிறிலிருந்து செவ்வாய்க்கு மாற்றப்பட்டது. போட்டிப் பிரிவு மட்டும் ஞாயிறன்றே போனது. அதே கடல், அதே முன்னறிவிப்பு, இரண்டு விதமான படகுக்கும் குழுவுக்கும் இரண்டு முடிவு. உங்கள் படகுக்கும் அப்படித் தனி முடிவு எடுக்கலாம்.

ஏற்பாட்டாளர் தள்ளிவைக்கவில்லை என்பதால் உங்களுக்குப் பாதுகாப்பு என்று பொருளில்லை. துவக்கம் நடக்குமா என்பது அவர் முடிவு. உங்கள் படகு கயிறு அவிழ்க்குமா என்பது ஸ்கிப்பரின் முடிவு. ராலி விதிகளும் அந்தப் பொறுப்பை ஸ்கிப்பரிடமே விடுகின்றன. தாமதமாகப் புறப்பட விதி எவ்வளவு நாள் இடம் தருகிறது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே படித்து வையுங்கள். வரும் செவ்வாய் கிளம்பினாலும் நீங்கள் ராலியில்தான் இருப்பீர்கள்.

"கூட்டத்தோடு போனால் துணை இருக்கும்" என்பது இங்கே வேலை செய்யும் பெரிய மயக்கம். இரண்டாம் நாள் காலை கண்ணுக்கு எட்டியவரை இரண்டு மூன்று பாய்கள் தெரியலாம், நான்காம் நாள் ஒன்றும் தெரியாது. வானொலியிலும் மின்னஞ்சலிலும் துணை உண்டு, உதவி கேட்டால் திரும்பி வரும் படகுகளும் உண்டு. ஆனால் அது பல மணி நேரத் தொலைவில் இருக்கும் துணை.

முடிவை முதல் நாள் மாலை எடுங்கள். காலையில் புதிய கணிப்பைப் பார்த்து உறுதி மட்டும் செய்யுங்கள். இசைக்குழு வாசிக்கத் தொடங்கிய பிறகு முடிவெடுக்க உட்காராதீர்கள்.

6. முந்தைய மாலை, இந்த வரிசையில்

முதலில் உள்ளே இருப்பவை எல்லாம் கட்டப்பட வேண்டும். பின்காற்றில் படகு இரு பக்கமும் உருளும்; ஒரு பக்கம் சாய்ந்து ஓடுவதற்காக அடுக்கிய அலமாரி இங்கே போதாது.

அடுத்து மேல்தளம். பாதுகாப்பு உடையின் கொக்கியை மாட்டும் உயிர்க்கயிறுகள் கட்டி, எல்லோருடைய பாதுகாப்பு உடையும் அளவுக்கு இறுக்கி, பெயர் எழுதி. பெரிய பாயில் முதல் சுருக்கை, அதாவது பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்டுவதை, இப்போதே போட்டு வையுங்கள். காற்று குறைவாக இருந்தால் அவிழ்ப்பது இரண்டு நிமிட வேலை. காற்று கூடிய பிறகு கூட்டத்தின் நடுவே சுருக்குவது அப்படியல்ல.

சமையல் முடித்து இரண்டு நாளுக்கான உணவைச் சூடாக்கினால் போதும் என்ற நிலையில் வையுங்கள். குமட்டல் மாத்திரை எடுப்பவர்கள் இன்றிரவே தொடங்க வேண்டும். வாந்தி வந்த பின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் நிற்காது.

கடைசியாக, முதல் இரவின் காவல் பட்டியலை ஒட்டுங்கள். அதில் மாலை ஆறு மணிக்கு யார் என்பது இருக்க வேண்டும். புறப்பட்ட உற்சாகத்தில் எல்லோரும் மேல்தளத்திலேயே நின்று, இரவு பத்து மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் சோர்ந்து விழுவதை நான் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன், ஒருமுறை உடன் இருந்து பார்த்தும் இருக்கிறேன்.

7. துறையிலிருந்து வெளியேறுதல்

குறுகிய வாசலில் எல்லாப் படகும் ஒரே ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வரும். கரையில் கூட்டம், இசை, கையசைப்பு. கையசைக்க ஒருவரை நியமியுங்கள். ஸ்கிப்பர் தண்ணீரைப் பார்க்கட்டும்.

கூட்டம் சேரும் முன் முதல் ஆளாகப் போங்கள், அல்லது நெரிசல் தணிந்த பின் போங்கள். நடுவில் போனால் வாசலில் நின்று காத்திருக்க வேண்டும், பக்கக்காற்றில் படகு நிற்காது. எந்தக் கயிறும் தண்ணீரில் தொங்கவில்லை என்று ஒருவர் சுற்றி வந்து பார்த்துச் சொன்ன பிறகே எஞ்சின் கியர் போடுங்கள். சுழலியில் கயிறு சிக்கி, துவக்கத்துக்குப் பதில் முக்குளிப்பவரைத் தேடிய படகுகள் எல்லா வருடமும் உண்டு.

வெளியே வந்ததும் முதலில் துறையில் உரசாமலிருக்கப் படகின் பக்கத்தில் தொங்கவிட்ட மோதணைகளை எடுத்து உள்ளே போடுங்கள். பிறகு பாய் ஏற்றுங்கள். பக்கத்திலேயே லா லூஸ் துறைமுகம் இருப்பதால் ஃபெரிகளும் சரக்குக் கப்பல்களும் வந்துபோகும். ராலி நடக்கிறது என்பதற்காக அவை ஒதுங்கா.

8. துவக்கக் கோட்டில்

கோடு என்பது ஒரு கப்பலுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே மனதில் இழுத்த கோடு. இரண்டு மூன்று உடல் கொண்ட பல்லுடல் படகுகள், போட்டிப் பிரிவு, பயணப் பிரிவு எனச் சில நிமிட இடைவெளியில் தனித்தனியாகத் துவக்கம். உங்கள் பிரிவின் கொடி எது, நேரம் எது என்பதை எழுதிச் சுக்கான் அருகே ஒட்டுங்கள். முந்தைய பிரிவின் குண்டொலியைத் தங்களுடையது என்று நினைத்துப் போட்டிப் படகுகளின் குறுக்கே போகிறவர்கள் உண்டு.

பயணப் பிரிவுக்கு என் ஆலோசனை: குண்டொலி கேட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கோட்டைக் கடங்கள், கப்பல் பக்கம் போகாதீர்கள். புகைப்படத்துக்காக எல்லோரும் அந்த முனையில்தான் குவிவார்கள். 2,700 மைல் பயணத்தில் பத்து நிமிடத்துக்கு எந்த விலையும் இல்லை. அதோடு இங்கே காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து வருகிறது. பின்காற்றில் பின்னால் இருக்கும் படகுதான் முன்னால் இருப்பதன் காற்றைத் திருடும். பின்தங்கிப் போகிறவருக்குத் தெளிந்த காற்று, முன்னால் பரந்த பார்வை, தப்பிக்க இடம் மூன்றும் கிடைக்கும்.

பாயைக் கம்பு கொண்டு விரித்துக் கட்டாதீர்கள். பெரிய பாயின் அடித்தண்டை முன்பக்கம் இழுத்துக் கட்டும் பிரிவென்டர் கயிற்றைத் தயாராக வையுங்கள், ஆனால் நெரிசலில் மாட்டாதீர்கள். அவை மாட்டியிருந்தால் திடீரென்று விலக முடியாது. அதுவரை அடித்தண்டு வீசும் எல்லைக்குள் யாரும் நிற்கக் கூடாது. பின்காற்றில் அது எச்சரிக்காமல் மறுபக்கம் அடிக்கும்.

வழிவிடும் விதிகளை எல்லோரும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இரு படகுகள் வெவ்வேறு பக்கத்தில் காற்று வாங்கினால், இடப்பக்கம் காற்று வாங்கும் படகு விலக வேண்டும். ஒரே பக்கமானால் காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். முந்துகிறவர் எப்போதும் விலக வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பாய் ஏற்றியிருந்தாலும் நீங்கள் எஞ்சின் படகுதான். உரிமை உங்களுடையதாக இருந்தாலும் எதிரில் இருப்பவர் உங்களைப் பார்க்கிறாரா என்று அவர் முகத்தைப் பாருங்கள். முதல் மணியில் ஏற்படும் ஒரு உரசல், கம்பிவடம் ஒன்றைத் தளர்த்தி, பத்தாம் நாள் பாய்மரத்தைச் சாய்க்கலாம்.

சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரையில் நூறு முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். மோதல் எச்சரிக்கை ஒலியை இந்த நேரத்துக்கு மட்டும் அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் இருவரைக் கண்காணிக்க நிறுத்துங்கள். அணைத்ததைத் தாளில் எழுதுங்கள். இரவு எட்டு மணிக்குத் திரும்பப் போட மறந்தவர்கள் பலர்.

காற்றே இல்லாவிட்டால்? பயணப் பிரிவில் எஞ்சின் ஓட்டலாம்; ஓட்டிய மணிகளைக் கணக்குக் கொடுக்க வேண்டும், அதற்கேற்பத் தண்டனை நேரம் சேரும். முதல் நாள் காற்று மறைவைத் தாண்ட அரை நாள் ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள்: 200 லிட்டர் டீசல், மணிக்கு 3 லிட்டர், 5 நாட் வேகம் என்றால் மொத்தமே 330 மைல். பாதையில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் மூன்றில் ஒன்று பேட்டரிக்கும் கரை சேரவும் ஒதுக்க வேண்டும்.

9. முதல் இரவு

நாலாம் படியில் எழுதிய திட்டத்தைக் கடிகாரம் பார்த்து நடத்துங்கள். கண்டோவுக்கு முன்பே, காற்று இன்னும் மென்மையாக இருக்கும்போதே, இரண்டாம் சுருக்குக்குப் போங்கள். பக்கத்துப் படகு முழுப் பாயோடு முந்திப் போகும். போகட்டும்.

பின்காற்று ஏமாற்றும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். 25 நாட் காற்றில் 7 நாட் வேகத்தில் ஓடும் படகில் உங்கள் கன்னத்தில் படுவது 18 நாட்தான். இதமாக இருக்கும். ஒரு ஆள் தண்ணீரில் விழுந்து படகைத் திருப்பும் நொடியில்தான் உண்மையான 25 முகத்தில் அறையும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் 20 நாட் 28 ஆனாலே பாயின் மேல் சுமை இரட்டிப்பாகிவிடும். கருவியில் உண்மைக் காற்றுவேகத்தையே காட்ட வைத்து, அதைப் பார்த்தே பாயைக் குறையுங்கள்.

கூட்டம் விலகி இடம் கிடைத்ததும், இருட்டும் முன், பிரிவென்டரைக் கட்டுங்கள். இரவில் காவல் மாறும்போதெல்லாம் விளக்கடித்துக் கயிறுகள் உரசும் இடங்களைப் பாருங்கள்; முதல் இரவில் உரசும் கயிறுதான் ஐந்தாம் நாள் அறுகிறது.

10. மேற்கே எப்போது திரும்புவது

துவக்கம் முடிந்தது, கூட்டம் கலைந்தது. இனி ஒரே பெரிய வானிலை முடிவு இது. "வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு" என்பது இந்தப் பாதையில் பாய்மரக்காரர்கள் பழங்காலமாகச் சொல்வது. கணக்கும் அதற்குத் துணை நிற்கிறது. நேர்க்கோட்டில் 2,700 மைல் என்றால், வடக்கு 20 பாகை, மேற்கு 30 பாகை என்ற புள்ளி வழியாகப் போனால் சுமார் 60, 70 மைல்தான் கூடும். இன்னும் தெற்கே 18 பாகை, 25 பாகை வழியாகப் போனால் சுமார் 200 மைல் கூடும். சீரான காற்றுள்ள இடத்தில் அது ஒன்றரை நாளுக்கும் குறைவு. காற்றில்லாத இடத்தில் நின்றால் அதைவிட அதிகம் போகும்.

ஆகவே நாள்தோறும் இறக்கும் கோப்பில் பார்க்க வேண்டியது, வியாபாரக் காற்றின் வடக்கு எல்லை எங்கே ஓடுகிறது, ஐந்து நாளில் அது நகருமா என்பதை. எல்லைக்கு உள்ளே நன்றாக இரண்டு பாகை இறங்கிய பின் திரும்புங்கள். விளிம்பில் திரும்பினால், ஒரு தாழ்வழுத்தம் வடக்கே கடக்கும்போது விளிம்பு உங்களை விட்டுத் தெற்கே போய்விடும். காற்று முழுவதும் அறுந்த வருடத்தில் கேப் வேர்டின் மிண்டெலோவில் ஒதுங்கி டீசலும் தண்ணீரும் ஏற்றலாம். லாஸ் பால்மாஸிலிருந்து அது ஏறக்குறைய 850 மைல். அதன் வரைபடமும் துறை விவரமும் போகாவிட்டாலும் கையில் இருக்கட்டும்.

திரும்பிய பிறகு வரும் சூறைகள் எந்தக் கோப்பிலும் வராது. பெரும்பாலும் பின்னிரவிலிருந்து விடியலுக்குள், கிழக்கே நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு வரும். ராடார் இருந்தால் இரவில் மணிக்கு இருமுறை ஓட்டிப் பாருங்கள். மழைத்திட்டு தெரிந்ததும் முன்பாயைச் சுருட்டுங்கள், தூங்குபவரை எழுப்புங்கள், காற்று திசை மாறினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அவரிடம் சொல்லி வையுங்கள். இருபது நிமிடத்தில் கடந்துபோகும். கடந்த பின் காற்று விழுந்து படகு உருளும்போது உடனே பாயை விரிக்காமல், அடுத்த திட்டு பின்னால் வருகிறதா என்று இன்னொரு முறை ராடாரைப் பாருங்கள்.